விட்டுப்போன தோண்டிமலை

ஆறு மணிக்கு ஜீப்பு சத்தம் கேட்டதுமே பவித்ராவுக்கு எரிச்சல் வந்தது. இன்றைக்கும் அப்பாவைக் கேலி செய்ய வந்துவிட்டார்கள்.

ஜீப்பு நிறைய ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள். பாண்டீஸ்வரி தலையை வெளியே நீட்டினாள்.

"கன்னையண்ணே, முந்தல், போடிமெட்டு, பூப்பாறை. சரியா?"

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கன்னையன், இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அப்ப முதல்ல பூப்பாறை, அப்புறம் முந்தலா?"

"விடுடி, அண்ணனுக்குப் பாதையே மறந்துபோச்சு" என்றாள் உள்ளிருந்து ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

கன்னையனுக்கு முகம் சிவந்தது. இடது கையால் நாற்காலியைத் தட்டினார்.

"மு... முந்தல். போடிமெட்டு. தோண்டிமலை. பூப்பாறை. சாந்தம்பாறை!"

"அட, தோண்டிமலையை விட்டுட்டேனா? வர்றோம்ண்ணே."

ஜீப்பு போய்விட்டது.

இருபத்தாறு வருடம் அந்த மலைப்பாதையில் ஜீப்பு ஓட்டியவர் அப்பா. அவர் ஆள் ஏற்றக் கூவும் அந்த ஐந்து ஊர்ப் பெயர்களைக் கேட்டுத்தான் பவித்ரா பள்ளிக்கூட நாளெல்லாம் கண் விழித்தாள். சாந்தம்பாறை என்று இழுத்து முடிக்கும்போது அடுப்பில் பால் பொங்கும்.

பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது.

"நாம பேசுறது அவருக்கு நல்லாப் புரியும். மூளையில வார்த்தையைத் தேடி எடுக்குற இடத்துலதான் அடி. அவரே சொல்லட்டும், காத்திருங்க" என்றிருந்தார் டாக்டர்.

காத்திருக்க பவித்ராவுக்கு மனசு கேட்காது. அப்பா "த..." என்று திணறும்போதே தண்ணீர்ச் செம்போடு நிற்பாள். "ச..." என்றால் சட்டை. அவரும் பாதியில் வாயை மூடிக்கொள்வார்.

மறுநாள் ஜீப்பு வந்தபோது அவளே வாசலுக்குப் போய் மறித்தாள்.

"இனிமே இங்க நிப்பாட்டாதீக அத்தை. தினமும் போற பாதை உங்களுக்குத் தெரியாதா? பேச முடியாத மனுசனை வம்புக்கு இழுக்குறீகளே, பாவமா இல்லையா?"

ஜீப்புக்குள் சிரிப்பு நின்றது.

"சரி ஆத்தா. இனிமே வரலை" என்றாள் பாண்டீஸ்வரி.

கன்னையன் நாற்காலியைத் தட்டினார். ஒருமுறை, இருமுறை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஜீப்பு மலைப்பக்கம் போகாமல், வந்த வழியே திரும்பியது.

"எங்க திரும்புறீக? தோட்டத்துக்குப் போகலையா?"

பாண்டீஸ்வரி தலையை வெளியே நீட்டினாள்.

"மலையில வேலை ஓஞ்சு ரெண்டு மாசமாச்சு ஆத்தா. இப்ப கீழ சிலமலை ஊர்ல வெங்காயக் காட்டுக்குத்தான் போறோம். அதுக்கு இந்தப் பக்கம் வர வேண்டியதே இல்லை."