பாதிக் கதை இருந்த மடிக்கணினி

பூங்கோதை மடிக்கணினி வாங்கக் கடைக்குள் நுழையும்போதெல்லாம், அவளுடைய போனிலிருந்த ஆலோசனைச் செயலி ஒரே பதிலைத்தான் சொல்லும்: "பொறுங்கள். இதைவிட நல்ல மாடல் அடுத்த வாரம் வருகிறது." வாராவாரம் புது மாடல் வந்தது, வாராவாரம் போன் தடுத்தது. மடிக்கணினி வாங்கியதும் நாவலைத் தொடங்குவதாக இருந்தாள் அவள். தொடங்காத நாவலில் பிழையே இல்லை என்பதால், காத்திருப்பது உள்ளூரச் சுகமாகவும் இருந்தது.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. காட்சிக்கு வைத்திருந்த மடிக்கணினியின் விசைகளைச் சோதித்துப் பார்க்கிற சாக்கில், வரும்போதெல்லாம் கதையாக ஒரு பத்தி தட்டிவிட்டுப் போவாள்.

இன்று கடைக்காரி ரெஜினா வாசலிலேயே மறித்தாள்.

"ஏக்கா, அந்தப் பொண்ணு ரயில்ல ஏறுனாளா இல்லியா? பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்க!"

பூங்கோதைக்குக் காது சூடானது. "அதையெல்லாம் நீ படிச்சியா?"

"எல்லார் போனும் பொறுங்கன்னுதான சொல்லுது. கடையில போணியே ஆகல. வேற என்ன செய்ய? என் தங்கச்சியும் படிச்சிட்டா." ரெஜினா உள்ளே போய் மேசைக்கடியிலிருந்து அந்த மடிக்கணினியை எடுத்தாள். "பழைய மாடலையெல்லாம் கம்பெனி திருப்பிக் கேட்டுச்சு. இத மட்டும் ஒளிச்சு வச்சிட்டேன்."

"இது பழைய மாடல். வாங்க வேண்டாம்," என்றது போன்.

பூங்கோதை போனைப் பைக்குள் திணித்தாள். "இதையே குடு."

"முதல் போணி!" என்று ரெஜினா குதித்தாள். ஆனால் மடிக்கணினியை விடவில்லை. "மொதல்ல அவ ரயில்ல ஏறட்டும்க்கா. அப்பத்தான் தருவேன்."

பூங்கோதை நின்றபடியே தட்டத் தொடங்கினாள்.