சோதனை உலை

“அந்த உருக்காலைக்கு இனிமே ஒரு பைசா குடுக்காதீங்க சார்.”

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் குரலில் அனல் பறந்தது. ஆலைக்குப் பின்தெருவில் குடியிருப்பதாக மட்டும் சொல்லி உள்ளே வந்திருந்தாள்.

“புகையே இல்லாம ஸ்டீல் தயாரிக்க ஆராய்ச்சி பண்றாங்கம்மா,” என்றார் நிதித்துறை அதிகாரி. “உங்க நல்லதுக்குத்தான் அரசாங்கம் பணம் தருது.”

“மாடியில துணி காயப்போட்டா இன்னும் கரிதான் படியுது. என் பொண்ணு இருமி இருமித் தூங்கறதே இல்ல. போன தடவை குடுத்த பணத்துல மதில் முழுக்கப் பச்சை பெயின்ட் அடிச்சு, ‘பசுமை எஃகு’ன்னு எழுதி வெச்சாங்க. சோதனை உலைன்னு ஒண்ணு கட்டவே இல்ல.”

“வெளியில இருந்து பார்த்துட்டு வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது.”

“அப்ப நீங்களே கேட்டுப் பாருங்க.”

அதிகாரி எரிச்சலோடு ஆலை மேலாளருக்குப் போன் போட்டு, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

“உங்க ஆராய்ச்சித் தலைவரோட கொஞ்சம் பேசணுமே.”

“இப்ப முடியாதே சார்,” என்று குழைந்தார் மேலாளர். “காலையிலேர்ந்து சோதனை உலையை விட்டு நகரவே இல்ல. சாப்பிடக்கூட வரல. அப்படி ஒரு உழைப்பு.”

அந்தப் பெண் போனை நோக்கிக் குனிந்தாள்.

“உங்க ஆராய்ச்சித் தலைவர்தான் பேசறேன் சார். மூணு வருஷமா அந்த உலையைத்தான் உங்ககிட்ட கேட்டுட்டு இருக்கேன். எங்க கட்டியிருக்கீங்கன்னு சொன்னா, நானும் போய்ப் பார்த்துடுவேன்.”

ஆலைக்கான அடுத்த தவணைக் கோப்பில் கையெழுத்துப் போடத் திறந்திருந்த பேனாவை அதிகாரி மூடி வைத்தார்.