பதிமூன்றாவது தட்டு

என் கணவர் தமிழரசன் பனிச்சரிவில் புதைந்த மறுநாள், அவரோடு பட்டாளத்தில் இருந்த வீரமுத்து அண்ணன் லீவில் ஊருக்குக் கிளம்பினார். தங்கை கல்யாணத்தை முடித்துக்கொண்டு, லீவு தீருகிற அன்றுதான் சங்கராபுரத்தில் எங்கள் வீட்டுப் படி ஏறினார்.

மலைச்சரிவைக் கடக்கும் முன் பனியைச் சுற்றித் தோண்டித் தூண்போல் நிறுத்தி, அதன் மேலே பனி அள்ளும் ஷவலை வைத்துக் கையால் தட்டிப் பார்ப்பார்களாம். மெதுவாகப் பத்துத் தட்டு, அழுத்தமாகப் பத்து, ஓங்கிப் பத்து. பனிக்குள் பிடிப்பில்லாத அடுக்கு இருந்தால் முப்பதுக்குள் மேல்பனி வழுக்கிவிடும். வழுக்கினால் எல்லோரும் திரும்பிவிட வேண்டும், லீவில் இறங்குகிறவர்களுக்கு லீவும் தள்ளிப்போகும். இதெல்லாம் என் கணவர் போனில் சொன்னது. அன்று தட்டியவர் வீரமுத்து அண்ணன்.

“முப்பதும் தட்டிப் பாத்தேம்மா, அசையல. அப்பறந்தான் தமிழு முன்ன போனான்.”

“முப்பதுங்களாண்ணா?”

“முப்பதும்மா.”

காபி கொடுத்தேன். மூலையில் என் கணவரின் டிரங்குப் பெட்டி இருந்தது. உள்ளே அவர் துணிகள் மட்டும்தான். பட்டாளத்திலிருந்து அது வந்த நாள் முதல் தினமும் காலை எட்டு மணிக்கு உள்ளிருந்து தட்டும் சத்தம் வரும். பதிமூன்றாவது தட்டில் ஏதோ வழுக்கி விழும், பிறகு நின்றுவிடும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மணி எட்டானது. பெட்டிக்குள் மெதுவாகப் பத்துத் தட்டு. வீரமுத்து அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இன்னாம்மா சத்தம்?”

“கேட்டுக்கினே இருங்கண்ணா.”

அழுத்தமாகப் பதினொன்று. பன்னிரண்டு.

பதிமூன்று விழுவதற்கு முன்பே அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.