சுடுகாட்டுப் பக்கம் ஒரு பச்சைக்கொடி

ரயில் நின்றதா, இல்லையா? ஜெயபிரியாவுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். தென்காசி தாண்டி, செங்கோட்டைப் பாதையில், சுடுகாட்டை ஒட்டிய ரயில்வே கேட்டில் குற்றாலத்துச் சாரலில் நனைந்தபடி நிற்கிறாள். ரயில்வே பெரிய அதிகாரி சிவனணைந்தபெருமாளின் மகள். அப்பாவின் சாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து சேர முடியாதவள். அவர் சிதைக்குத் தீ வைத்தபோது, போய்க்கொண்டிருந்த ரயில் மரியாதைக்காக நின்றதாம். ஊரே சொல்கிறது. “நெசமா அண்ணாச்சி?” அன்றைக்கு இதே கேட்டில் டூட்டி பார்த்த உச்சிமாகாளி, பச்சைக்கொடியின் ஈரத்தை உதறிக்கொண்டே சிரிக்கிறார். “நிக்கவே இல்லம்மா. ஒரு நிமிசம் லேட்டாயிருந்தா அய்யா சிதையிலருந்து எந்திச்சு மெமோ குடுத்திருப்பாவ!” அவள் முகம் சுருங்கிப்போகிறது. இதைக் கேட்கவா இத்தனை தூரம் வந்தாள்? “பொறுங்க. அந்தா வருது. கடைசிப் பெட்டியப் பாருங்க.” தரை அதிர, ஈர வெயிலைக் கிழித்துக்கொண்டு ரயில் கடக்கிறது. உச்சிமாகாளி பச்சை காட்ட, கடைசிப் பெட்டியின் வாசலில் நிற்கும் இளவயது ரயில் கார்டும் பச்சை காட்டுகிறார். எல்லாம் சரி என்று அர்த்தம். ரூல்ஸ்படி அத்தோடு முடிந்தது. ஆனால் அந்தக் கார்டு திரும்பிப் பெட்டியின் எதிர்வாசலுக்குப் போகிறார். தகரக் கொட்டகையும் நனைந்த சாம்பலும் தவிர யாருமில்லாத சுடுகாட்டைப் பார்த்து அதே கொடியை நீட்டுகிறார். “அன்னைக்கு ஒரு கார்டு அப்படிக் காட்டுனாரு. பொறவு வந்த ஒருத்தரும் அந்தப் பழக்கத்த விடல. இந்தப் பையனுக்கு அய்யா பேருகூடத் தெரியாதும்மா.” கொடி இன்னும் நீண்டபடியே போகிறது, பதிலுக்குக் காத்திருப்பதுபோல. ஜெயபிரியாவின் வெறுங்கை தானாக உயர்கிறது.