நீலத் திரை

"சாமி, அந்தத் திரையை எப்பத்தான் எடுப்பீங்க?" என்று பங்குத்தந்தையிடம் கேட்டார் ஓர் அம்மா.

பழைய பேராலயத்தைப் புதுப்பிக்கும் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. பீடம் மக்களைப் பார்த்துத் திரும்பிவிட்டது. தூண்களில் ஒலிபெருக்கிகள் ஏறிவிட்டன. அந்தோனியாரின் பக்கப் பீடத்தை மறைத்த நீலத் திரை மட்டும் பாக்கி.

"அப்படி என்னம்மா அவசரம்?" என்றார் பங்குத்தந்தை.

"மாசக்கணக்கா இது முன்னாடிதான் முட்டி போட்டேன். எத்தனையோ கோயில் ஏறி இறங்கியும் திருந்தாத என் பையன் இப்ப குடியை விட்டுட்டான், சாமி! அந்தோனியார் முகத்தைப் பார்த்து ஒரு நன்றி சொல்ல வேண்டாமா?"

"ஞாயித்துக்கிழமை திறக்கிறோம். தாராளமா சொல்லுங்க."

அவர் திரையைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி வெளியேறினார்.

மேஸ்திரி அருகில் வந்தார்.

"சாமி, வர்ணம் அடிக்கப் போன அந்தோனியார் சுரூபம் இப்பத்தான் வந்திருக்கு. வண்டியிலேயே நிக்கிறாரு."

"அந்த அம்மா தெருமுனையைத் தாண்டட்டும். அப்புறம் உள்ளே கொண்டு வந்து வைங்க."

"இத்தனை மாசமா திரைக்குள்ள நிக்குதே, நம்ம சிமெண்டுக் கலவை மிஷின்? அதை என்ன பண்ண?"

பங்குத்தந்தை திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பின்வாசல் வழியா எடுத்துட்டுப் போங்க" என்றார். "கொஞ்சம் மரியாதையாத் தூக்குங்க."