மைக்கில் சொன்ன கதை

போடி சினிமாக் கொட்டகைக்கு, வருங்காலத்தில் குண்டுகளால் உலகம் அழிவதைக் காட்டும் இங்கிலீஷ் படம் வந்தது. குரங்கணிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று தீர்மானிக்க, கிரேஸ் டீச்சர் முதலில் தனியாக வந்தார். திரையில் பேசிய இங்கிலீஷ் அவருக்குப் பிடிபடவில்லை. கொட்டகையில் படத்துக்குக் கதை சொல்லும் தங்கப்பாண்டி மைக்கில் தமிழில் சொன்னதைத்தான் நம்பியிருந்தார்.

காட்டு வழியே தப்பி ஓடும் கூட்டம், காய்ச்சலில் நடக்க முடியாத மகளை மரத்தடியில் விட்டுப்போகும் தகப்பன்... டீச்சர் திரையை விட்டுவிட்டு அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும், "பிள்ளைகளுக்கு இது வேண்டாம்ணே. இப்படியும் ஒருத்தன் கதை கட்டுவானா?" என்றார்.

தங்கப்பாண்டி மைக் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் இங்கிலீஷ் தெரியாது டீச்சர். ஜப்பான் சண்டையப்போ பர்மாவுல இருந்து நான் நடந்து வந்ததத்தான் சொன்னேன்."

எழுந்த டீச்சர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளை பேரு என்னண்ணே?"

"பொன்னுமணி."

மறுநாள் டீச்சர் நாற்பது பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.