இரண்டு விரல் இடைவெளி

தமுனா தைத்த கோர்செட், இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கச்சை, உடம்பில் ஏறிய உடனேயே எலோடிக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

அவ்வளவு கச்சிதம். எஃகுப் பட்டைகள் விலாவோடு ஒட்டி நின்றன, குத்தவில்லை. குனிந்தால் கூடவே குனிந்தன.

எலோடி பாரிஸ்காரி. அளவுகோலும் பென்சிலுமாகத் தாளில் வரைந்து முறைப்படி வெட்டப் பழகியவள். தமுனா சில மாதம் முன்புதான் ஜார்ஜியாவிலிருந்து வந்து இறங்கியவள். சமையலறையில் பாத்திரம் மூடுகிற பிளாஸ்டிக் தாளை எலோடியின் உடம்பில் சுற்றி, மேலே டேப் ஒட்டி, கோடு கிழித்து, கத்தரித்து எடுத்து, அதையே அளவாக வைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் இப்படித்தானாம். அன்றைக்கு எலோடி முகத்துக்கு நேரே சிரித்தாள். இன்று சிரிப்பு வரவில்லை.

பெரிய தையலகம் ஒன்றில் ஒரே ஓர் இடம் காலி. இன்று ஜெயிப்பவளுக்கு அது.

மதாம் வெர்தியேயின் தையல் பள்ளியில் தேர்வுக்கு, துணி மாட்டிப் பார்க்கும் பொம்மை கிடையாது. பொம்மை மூச்சு விடாது என்பார். ஒருத்திக்கு ஒருத்தி தைத்து, ஒருத்திக்கு ஒருத்தி நாடா இழுத்துக் கட்ட வேண்டும். முதுகில் இரண்டு ஓரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக. அப்புறம் போட்டிருப்பவளிடம் ஒரே கேள்வி. நோகிறதா?

எலோடி தைத்ததைப் போட்டுக்கொண்டு தமுனாதான் முதலில் நின்றாள். நாடா கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு வழிக்கு வந்தது. இரண்டு விரல், சரியாக. மதாம் கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே இல்லையென்று தலையாட்டினாள்.

நல்லதுதான். ஆனாலும் தமுனா தைத்த இதன் பக்கத்தில் தன்னுடையது நிற்குமா? கண் இருக்கிற யாருக்கும் தெரியும். மதாமுக்கோ கண் கொஞ்சம் அதிகம்.

மதாம் எலோடியின் முதுகுப் பக்கம் வந்தார்.

எலோடி இடது இடுப்பை ஒரு நூல் தூக்கினாள். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து வைத்துக்கொண்டாள்.

இடைவெளி மேலே அகன்று கீழே கோணிக்கொண்டது. மதாம் உதட்டைப் பிதுக்கினார். நோகிறதா என்று கேட்டார்.

"விலாவுல குத்துது, மதாம்," என்றாள் எலோடி.

இடம் எலோடிக்கு என்று சொல்லிவிட்டு மதாம் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். தமுனாவின் முகம் தொங்கிப்போனது. எலோடிக்கு அப்பாடா என்றிருந்தது.

உடை மாற்றும் மூலைக்கு வந்ததும் தமுனா முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தாள்.

"சீக்கிரம் அவிழ்டி, மூச்சு முட்டுது. ரொம்பச் சின்னதா வெட்டிட்ட நீ. சொன்னா உனக்கு இடம் போயிடுமேன்னு அடக்கிக்கிட்டு நின்னேன். என்னோடது உன்னை வேற குத்திடுச்சு, மன்னிச்சுக்கோ."

எலோடி நாடாவைத் தளர்த்தி உள்சட்டையை விலக்கினாள். விலா முழுக்கப் பட்டை பட்டையாகக் கன்றிப்போயிருந்தது. ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது.

திரை பாதி திறந்திருந்தது. அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், மதாம் இருந்தார்.

எலோடி கையை நீட்டித் திரையை முழுதாக இழுத்து மூடினாள்.